கரைமேட்டு ரத்தம்

அன்று அமாவாசை. காஞ்சிபுரத்தில் அமாவாசைக்குத் தறிகள் ஓடாது. மற்ற நாட்களில் கீழ் வீட்டுத் தறிச் சத்தத்தில் மாடியிலிருந்த மலேரியா அலுவலகத்தின் தரை லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் உள்ளே தெரிவதெல்லாம் நடுங்கும். அன்று எதுவும் நடுங்கவில்லை. அதனால்தான் அது தன் கண்ணில் பட்டது என்று தேவகி பிற்பாடு நினைத்துக்கொண்டாள்.

அவள் அங்கே லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. திருப்புட்குழியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். ஊர் ஊராகச் சுற்றும் மலேரியா ஊழியர்கள், காய்ச்சல் கண்டவர்களின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி அனுப்புவார்கள். அதற்குச் சாயம் ஏற்றி, மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. இருந்ததே இல்லை. நாட்டைவிட்டே மலேரியாவை விரட்டியாயிற்று என்று சுவரெல்லாம் எழுதியிருந்த காலம் அது. நாள் பூராவும் பார்த்து, நாள் பூராவும் நெகட்டிவ் என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போவாள்.

அன்று பார்த்தவை கரைமேட்டிலிருந்து வந்த கண்ணாடிகள். தென்னேரி ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிற சின்னக் குடியிருப்பு அது. முதல் கண்ணாடியில் ஒரு சேலை ஓரத்து நூலிழை பிரிந்து கிடப்பதுபோல, நீலமாக, சுருண்டு ஏதோ தெரிந்தது. அவளுக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. அம்மா ரேணுகாம்பாளின் இடது கால், முழங்காலுக்குக் கீழே தூண் மாதிரி வீங்கிப் பல வருஷம் ஆகிறது. யானைக்கால் புழு.

காஞ்சிபுரத்துப் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. அடுத்த கண்ணாடியை வைத்தாள். அதிலும் அதே நூலிழை. அதற்கடுத்ததிலும். முனுசாமி என்று பேர் போட்டிருந்ததிலும் இருந்தது, மணியம்மாள் என்று பேர் போட்டிருந்ததிலும் இருந்தது, கைக்குழந்தை என்று எழுதியிருந்ததிலும் இருந்தது. ஒரு ஊரே ஒரே மாதிரி, ஒரே அளவில் நோய்ப்பட்டிருந்தது. தேவகி எழுந்துபோய் மெடிக்கல் ஆபீசர் நமச்சிவாயத்தைக் கூப்பிட்டு வந்தாள்.

நமச்சிவாயம் கெட்டிக்காரர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. ஒன்று மாற்றி ஒன்றாக அவரே எடுத்து வைத்துப் பார்த்தார்.

"இது ராத்திரி எடுத்த ரத்தம்மா" என்றார் கடைசியில்.

அது தேவகிக்கும் தோன்றியிருந்தது. யானைக்கால் புழு பகலில் தோலடி ரத்தத்துக்கு வராது. உடம்புக்குள் எங்கேயோ ஒளிந்திருந்துவிட்டு, இருட்டிய பிறகுதான் மேலே வரும். அதனால்தான் நகராட்சி யானைக்கால் ஊழியர்கள் ராத்திரியில் ஊசியும் விளக்குமாக வந்து கதவைத் தட்டுவார்கள். மலேரியா ஊழியர் போவதோ பட்டப்பகலில்.

"எல்லாம் ஒரே ஆளோட ரத்தம் மாதிரி இருக்கு சார்."

நமச்சிவாயம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நாம தேடறது மலேரியா. அது இருக்கா?"

"இல்லை சார்."

"அப்ப நெகட்டிவ்னு போடு. அடுத்த மாசம் மெட்ராஸ்லேருந்து டீம் வருது. இந்த வட்டாரத்துல மூணு வருஷமா ஒரு கேஸ்கூட இல்லேன்னு காட்டணும். எல்லா ஊர்லேயும் ரத்தம் எடுத்திருக்கோம்னும் காட்டணும். நீ புதுசா ஒண்ணைக் கிளப்பிவிடாதே."

அவர் குரலில் கோபம் இல்லை. ஆனால் கரைமேடு என்ற பேரை அவர் ஒருதரம்கூட வாயால் சொல்லவில்லை என்பதை தேவகி கவனித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வாலாஜாபாத் போய், அங்கிருந்து வேறு பஸ் பிடித்துத் தென்னேரியில் இறங்கினாள். ஊழியரை மாட்டிவிட வேண்டும் என்ற எண்ணம் இல்லை. அந்தக் கைக்குழந்தையின் கண்ணாடிதான் அவளைத் தூங்கவிடவில்லை. வெயில் சாய்ந்த நேரம். ஏரியில் தண்ணீர் நிறைய இருந்தது, காற்றில்லாமல் தட்டையாகக் கிடந்தது. கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் வழி கேட்டாள்.

"கரைமேட்டுக்கா? அங்க இன்னாத்துக்கும்மா?"

"ஒருத்தரைப் பாக்கணும்."

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்டியே கரைமேல போயி, ரெட்டைப் பனைகிட்ட கீழ எறங்கு. இருட்டறதுக்குள்ள வந்துடு" என்று சொல்லிவிட்டுப் புல்லுக்குக் குனிந்துகொண்டாள்.

இறங்கிப் பார்த்தபோது, கரைமேட்டில் ஊர் இல்லை.

ஒற்றைத் தெரு. இரண்டு பக்கமும் மண்சுவர் வீடுகள். பாதிக்கு மேல் கூரை இல்லை. ஓலை மக்கி உள்ளே விழுந்து, அதன்மேல் பூசணிக்கொடி படர்ந்திருந்தது. கதவுகள் இல்லை. நாய்கூட இல்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும், வாசலுக்கு வலப்பக்கம், மலேரியா ஊழியர் வந்துபோனதற்கு அடையாளமாகப் போடும் கட்டம் இருந்தது. கட்டத்துக்குள் தேதிகள் வரிசையாக இறங்கின. கடைசித் தேதியைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் காவி ஒட்டியது.

அன்றைய தேதி.

வாசற்படிகளில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. முதலில் பறவை எச்சம் என்று நினைத்தாள். குனிந்து பார்த்தால் மாத்திரைகள். காய்ச்சல் மாத்திரைகள். பழையவை மழையில் கரைந்து சுண்ணாம்புபோலப் படியோடு ஒட்டியிருந்தன. அவற்றின்மேல் புதியவை, உருண்டையாக, இரண்டிரண்டாக.

அப்போது தெருக்கோடியில் ஒரு ஆண்குரல் கேட்டது. அலுத்துப்போன, பழகிய குரல்.

"முனுசாமி வூட்ல யாருக்கானா காய்ச்சல் இருக்குதா?"

பிறகு அமைதி. யாரோ உள்ளேயிருந்து பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அமைதி. அப்புறம் சுவரில் தூரிகை உரசும் சத்தம். காலடிச் சத்தம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது.

"மணியம்மா, காய்ச்சல் யாருக்கானா இருக்குதா?"

இந்த முறை அமைதி நீண்டது. "சரிம்மா" என்றது குரல். மாத்திரை டப்பா குலுங்கியது.

தேவகி ஓடிவிட நினைத்தாள். அதற்குள் காக்கிச் சட்டை போட்ட ஒரு மெலிந்த மனிதர், தோளில் பையும் கையில் காவி டப்பாவுமாக, வீடு வீடாகக் கேட்டுக்கொண்டே அவளை நோக்கி வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவளைக் கண்டதும் நின்றார். திடுக்கிடவில்லை.

"காஞ்சிவரம் லேப்புல இருந்து வர்றீங்களாம்மா?"

"ஆமா. நீங்க..."

"தாவீது. இந்தப் பக்கத்து ஊருங்களுக்கு நான்தான் மலேரியா ஆளு." அவர் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது. "அப்ப பாத்துட்டீங்க."

"பாத்தேன்."

"நெசமாவே கண்ணை வெச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். அதனாலதான் வந்தேன்."

தாவீது காவி டப்பாவைக் கீழே வைத்தார். தலைக்கட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைப்பதற்கு வெகுநேரம் ஆயிற்று.

"வாங்கம்மா. என் வூடு கடைசீல இருக்குது. அதுக்குக் கூரை இருக்குது" என்றார்.

அந்த ஒரு வீட்டில் மட்டும் ஆள் வாழும் சுவடு இருந்தது. ஒரு பாய், ஒரு பானை, சுவரில் ஒரு சிலுவை. அவர் திரி விளக்கை ஏற்றினார். அவர் சொன்னது இவ்வளவுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏரி நிரம்பி வழிந்த பருவத்தில் கரைமேட்டில் காய்ச்சல் வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் தூக்கிப்போடும் காய்ச்சல். அது மலேரியாதான் என்று தாவீதுக்குத் தெரிந்துவிட்டது, சின்ன வயதில் இதே காய்ச்சலில் படுத்து எழுந்தவர். வீட்டுக்கு வீடு ரத்தம் எடுத்து அனுப்பினார். பதில் வரவில்லை. மறுபடி எடுத்து அனுப்பினார். நேரில் போய்க் கேட்டார். ரிசல்ட் வராமல் முழு மருந்து தரக்கூடாது என்றார்கள். கடைசியில், அனுப்பின எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நாளில் பதில் வந்தது. அத்தனையும் நெகட்டிவ். கரைமேட்டில் இருப்பது மலேரியா இல்லை, வேறு ஏதோ சாதாரணக் காய்ச்சல் என்று.

"அதுக்குள்ள பாதிப் பேரைக் குழியில வெச்சாச்சும்மா. என் பொஞ்சாதி மேரி போனா. என் பொண்ணு அலமேலுக்குப் பொறந்த கொழந்த போச்சு, பேருகூட வெக்கல. அப்புறம் அவளும் போனா. மீதி இருந்தவங்க ஐயம்பேட்டைக்குப் போய்ட்டாங்க. இந்த ஊர்ல ஏதோ இருக்குதுன்னு பயந்துக்கினு."

"அப்புறம் ஏன் நீங்க இன்னும்..."

"நான் எடுத்தனுப்பின ரத்தத்தை யாருமே பாக்கலேன்னு எனக்குத் தெரியும்மா. பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அதான் அனுப்பிக்கினே இருந்தேன். என்னைக்கானா ஒருத்தர் பாப்பாங்க, இது இன்னா கூத்துன்னு கேக்க வருவாங்கன்னு. பகல்ல மத்த ஊருங்களுக்குப் போவேன். அங்க மனுசங்க இருக்காங்க இல்ல. வூட்டுக்கு வந்துதான் இவங்களுக்கு எடுப்பேன்."

வெளியே முற்றிலும் இருட்டிவிட்டிருந்தது. தாவீது பழக்கத்தில் செய்வதுபோலப் பையைப் பிரித்து, கண்ணாடிகளை விளக்கடியில் பரப்பினார். இடதுகை விரலை ஊசியால் குத்தினார். அந்த விரல்களின் நுனி மரத்துக் கறுத்துக் கிடந்தது. முதல் கண்ணாடியை விரலில் ஒற்றும் முன்னால் அதன்மேல் குனிந்து ஒரு பேரை முணுமுணுத்தார். வாசலை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் ஒற்றினார்.

"தெருவுல கேட்டீங்களே. பதில் வருதா?" தேவகி கேட்டுவிட்டாள். கேட்டபிறகு ஏன் கேட்டோம் என்றிருந்தது.

"எல்லா வூட்லயும் வராது" என்றார் தாவீது.

அவர் அவளை வாலாஜாபாத் சாலைவரை கொண்டுவந்து விட்டார். கரைமேல் நடக்கும்போது தேவகி திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் யாரோ இருமியது போலிருந்தது. தாவீது இருமவில்லை. அவர் அவளுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

அந்த வாரமே அவள் அவரோடு ஐயம்பேட்டைக்குப் போனாள். செத்தவர்களின் ரத்தம் இனிக் கிடைக்காது. பார்த்து முடித்த கண்ணாடிகளைக் கழுவித் திரும்ப ஊர்களுக்கே அனுப்பிவிடுவதுதான் அலுவலக வழக்கம். ஆனால் உயிரோடு இருப்பவர்கள் இருந்தார்கள். மேரியின் தங்கை கங்கையம்மாள் அங்கே ஒரு நெசவாளர் வீட்டில் ராட்டையில் பட்டுநூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கரைமேட்டை விட்டு வந்ததிலிருந்து அவ்வப்போது குளிர்காய்ச்சல் வந்து வந்து போகிறது என்று தாவீது சொன்னார். அவர்கள் போனபோது கங்கையம்மாள் வெயிலில் உட்கார்ந்து, சாக்கைப் போர்த்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ரத்தம் எடுக்க வந்தியா மச்சான்?" என்றாள் தாவீதைப் பார்த்து. "எத்தினி தரம் எடுத்தே. இன்னா ஆச்சு?"

"இந்தம்மா பாக்கறாங்க. நம்பிக் குடு."

அவள் தேவகியை வெறித்துப் பார்த்தாள். பிறகு விரலை நீட்டினாள்.

அந்தக் கண்ணாடியில் புழு இல்லை. சிவப்பணுக்களுக்குள் மோதிரம்போலக் கிருமிகள் இருந்தன. படத்தில் மட்டுமே பார்த்திருந்ததை தேவகி முதல்முதலாகக் கண்ணால் பார்த்தாள். கீழே தறி ஓடிக்கொண்டிருந்தது. மோதிரங்கள் நடுங்கின.

நமச்சிவாயமும் பார்த்தார். அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இது வெளியூர் கேஸ்" என்றார்.

"அவங்க எங்கேயும் போகலை சார். கரைமேட்டுலேருந்து ஐயம்பேட்டைக்கு வந்தாங்க. அவ்வளவுதான்."

"அதான். ஐயம்பேட்டைக்கு அவ வெளியூர்தானே."

"அப்ப கரைமேட்டுல மலேரியா இருந்துதுன்னு ஆகுது சார்."

"கரைமேட்டுல இல்லை. எல்லாம் நெகட்டிவ்னு நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"பாத்துட்டுப் போட்டீங்களா சார்?"

ஜன்னலுக்கு வெளியே சாயப்பட்டறைத் தண்ணீர் சாக்கடையில் அரக்குச் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வருஷம் இந்த மைக்ராஸ்கோப்புக்கு முன்னாடி உக்கார ஆளே இல்லை தேவகி. போஸ்ட் காலி. மூட்டை மூட்டையா கண்ணாடி வந்து குமிஞ்சு கிடந்துது. மேலேருந்து ரிப்போர்ட் எங்கே, ரிப்போர்ட் எங்கேன்னு தந்தி. அப்பவே பல வருஷமா எங்கேயும் ஒரு கேஸ் இல்லை. இங்கே மட்டும் எப்படி இருக்கும்னு நினைச்சேன்." சற்றுப் பொறுத்து, "நினைச்சுக்கிட்டேன்" என்று திருத்திக்கொண்டார்.

மெட்ராஸ் குழு வந்த அன்று, கங்கையம்மாளின் கண்ணாடியை தேவகி மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். குழுவின் தலைவராக வந்திருந்த வயதான டாக்டர் கண்ணை வைத்தார். பார்த்துவிட்டு, "இது எந்த ஊர்?" என்று கேட்டார்.

நமச்சிவாயம் வாயைத் திறந்தார். எந்த ஊர் என்று சொல்வது என அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. தேவகிதான் சொன்னாள்.

மறுநாள் எல்லோரும் ஜீப்பில் கரைமேட்டுக்குப் போனார்கள். நடுப்பகல். தாவீது தன் வீட்டு வாசலிலேயே நின்றார். தெருவில் எதையும் கேட்கவில்லை. குழுவினர் சுவர்த் தேதிகளைப் பார்த்தார்கள், படிகளில் கரைந்த மாத்திரைகளைப் பார்த்தார்கள். நமச்சிவாயம் ஒரு வாசலுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். உள்ளே எட்டிப் பார்ப்பவர்போல முகத்தை நீட்டி, ஏதோ கேட்பவர்போலத் தலையைச் சாய்த்தார். பிறகு, "இல்லை, எனக்கு ஒண்ணும் இல்லை" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பக்கத்தில் நின்ற தேவகிக்கு மட்டும் அது கேட்டது. அவரிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

விசாரணை நடந்தது. வட்டாரத்துக்கு மலேரியா இல்லை என்ற சான்று கிடைக்கவில்லை. ஐயம்பேட்டையில் வீட்டுக்கு வீடு மருந்தடித்தார்கள். கங்கையம்மாளுக்கு முழு மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் அதோடு நின்றது. கரைமேட்டின் மக்கள்தொகை பூஜ்யம் என்று திருத்தி, ஊரைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பொய் ரத்தம் அனுப்பியதற்காகத் தாவீதை வேலையைவிட்டு நீக்கப் பார்த்தார்கள். வயதான டாக்டர் குறுக்கே நின்று, அதை எச்சரிக்கையோடு விடச் செய்தார்.

தேவகி இதையெல்லாம் சொல்லத் தாவீதிடம் போனாள்.

"அப்ப எங்காளுங்க இன்னாத்துல செத்தாங்கன்னு போட்டாங்கம்மா?"

"அதை எழுதலை. ஆதாரம் இல்லேன்னுட்டாங்க."

அவர் தலையாட்டினார். "ஊரும் இல்ல, செத்தவங்களும் இல்ல" என்றார். அழவில்லை. யானைக்கால் புழுவுக்கான மாத்திரைகளை அவள் கொடுத்தபோது மறுக்காமல் வாங்கிக்கொண்டார். கங்கையம்மாள் பிடிவாதமாகக் கூப்பிட்டதால் ஐயம்பேட்டைக்குக் குடிவந்தார். முதல் சில நாள் தூக்கமே வரவில்லையாம். ராட்டைச் சத்தம், பிள்ளைகள் சத்தம், சண்டைச் சத்தம். யாரையும் கேட்காமலே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தது அவருக்குப் புதிதாக இருந்தது.

நமச்சிவாயத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கிளம்புவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் அவர் லேப்புக்கு வந்து தேவகியின் எதிரில் உட்கார்ந்தார். மேலே சால்வை போர்த்தியிருந்தார். கடும் சித்திரை மாதம் அது. இடதுகையை மேஜைமேல் வைத்து விரலை நீட்டினார்.

"எனக்குக் கொஞ்சம் பாரும்மா. கரைமேட்டுக்குப் போயிட்டு வந்ததிலேருந்து சாயங்காலமானா குளிர்றது."

அவர் கையைப் பிடித்ததும் தேவகி சட்டென்று விட்டுவிட்டாள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போலச் சுட்டது. மறுபடி பிடித்து, குத்தி, ரத்தம் எடுத்தாள். சாயம் ஏற்றிக் காயவைத்துப் பார்த்தாள். கிருமி இல்லை. புழு இல்லை. கண்ணாடி முழுக்கச் சுத்தமான ரத்தம்.

"நெகட்டிவ் சார்."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"முழுக்கப் பாத்தியா? ஒரு ஓரம்கூட விடாம?"

"பாத்தேன் சார்."

அவர் தலையாட்டினார். எழுந்துகொள்ளவில்லை. பல் கிட்டிப்போகும்படி உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. கீழே நெசவாளர்கள் வேலையை முடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். கட்டடத்தில் வேறு சத்தமே இல்லை. அவர் அடுத்த விரலை நீட்டினார்.

"இன்னொரு தரம் எடும்மா" என்றார். "அந்த வார்த்தையை என்னால நம்ப முடியலை."

தேவகி புதிய கண்ணாடி ஒன்றை எடுத்துத் துடைத்தாள்.